அதிகாலை 2:40 பில் எந்தத் தேதியில் விழும்?

புகார்

கோயம்பேடு மொத்த விற்பனைச் சந்தையில் ஒரு வெங்காய மண்டி. நாசிக் லாரி இரவில் வந்து இறங்கும். நள்ளிரவுக்கு மேல் வியாபாரம் சூடுபிடித்து, வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். பில் போடுவது, வரவு வைப்பது, லாரி வாடகை கழிப்பது எல்லாம் ஒரே மென்பொருளில் நடக்கிறது. பின்னால் இருப்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அது கிளவுடில் ஓடுகிறது.

2024 ஏப்ரல் முதல் வாரத்தில் மண்டியின் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். நிதியாண்டு மாறியதும் பில் எண் மறுபடி 1 என்று தொடங்கும். அந்த 1ஆம் எண் பில், தினசரி விற்பனை ரிப்போர்ட்டில் மார்ச் 31 என்ற தேதிக்குக் கீழே வந்திருந்தது. அதற்கு மேலே பழைய ஆண்டின் கடைசி எண்கள், கீழே புது ஆண்டின் முதல் எண்கள், தேதி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

“தம்பி, சிட்டையில ஒண்ணாந்தேதின்னு இருக்கு. உங்க ரிப்போர்ட்டுல முப்பத்தொண்ணுன்னு இருக்கு. நான் எந்த வருஷத்துப் பேரேட்டுல எழுதறது, அதை மட்டும் சொல்லுங்க.”

நியாயமான கேள்வி. பில் எண்ணைக் கொடுப்பது கடையில் இருக்கும் கம்ப்யூட்டர். அது தன் கடிகாரத்தைப் பார்த்துப் புது நிதியாண்டு பிறந்துவிட்டது என்று சரியாகவே முடிவெடுத்தது. ரிப்போர்ட்டைத் தயாரிப்பது எங்கோ இருக்கும் சர்வர். அதற்கு இன்னும் மார்ச் 31 முடியவில்லை.

ஒரே ஒரு பில்லை எடுத்துப் பார்ப்போம். காகிதத்தில் அச்சான நேரம் 01-04-2024, அதிகாலை 2:40. டேட்டாபேஸில் அந்த வரிசையின் ‘பில் நேரம்’ என்ற நெடுவரிசையை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) படித்தால் 2024 மார்ச் 31, 21:10. இரண்டும் ஒரே கணம்தான். இந்திய நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் போகிறது. ரிப்போர்ட் கொயரியோ (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) பில் நேரத்தை அப்படியே டேட் ஆக காஸ்ட் செய்து, அதாவது வெறும் தேதி வகையாக மாற்றி, அதை வைத்து குரூப் பை போட்டு நாள்வாரியாகச் சேர்த்திருந்தது. 21:10ஐ வெட்டி எறிந்தால் மிஞ்சுவது மார்ச் 31.

தினமும் நடந்த தப்புதான் இது. நள்ளிரவு 12 முதல் 5:30 வரை போட்ட பில் ஒவ்வொன்றும் முந்தைய நாளில் விழுந்துகொண்டே இருந்தது. கல்லாவில் எண்ணிய ரொக்கமும் ரிப்போர்ட்டும் தினமும் உதைத்தன. ஆனால் மாதத்தின் முதல் நாள் அதிகாலை வெளியே போவதற்கு ஈடாக அடுத்த மாதத்தின் முதல் நாள் அதிகாலை உள்ளே வந்துவிடும். அதனால் மாதக் கூட்டல் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. கணக்குப்பிள்ளையும் ‘கம்ப்யூட்டர் அப்படித்தான்’ என்று விட்டுவிட்டார். பில் எண் புதிதாகத் தொடங்கிய அன்றுதான் குட்டு வெளிப்பட்டது.

துணிக்கடையில் ஏன் தெரியவில்லை

இதே மென்பொருள் பல ஜவுளிக் கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் ஓடுகிறது. அங்கே இந்தப் புகார் ஒருமுறைகூட வந்ததில்லை. காரணம் எளிது. காலை 10 மணிக்குக் கடை திறந்தால் யூடிசியில் 4:30. இரவு 9:30க்கு ஷட்டரை இறக்கினால் யூடிசியில் 16:00. முழு வியாபாரமும் இரண்டு கணக்கிலும் ஒரே தேதிக்குள் அடங்கிவிடுகிறது. தப்பான கொயரி சரியான விடையைக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

அதிகாலையில் விழித்திருக்கும் வியாபாரம் என்று வரும்போதுதான் இது பல்லைக் காட்டும். காய்கறி, பூ, மீன், பால், செய்தித்தாள், இரவுப் பேருந்து டிக்கெட், 24 மணி நேர மருந்துக்கடை எல்லாம் இந்த வகை. உங்கள் மென்பொருள் யாருக்குப் போகிறது என்று தெரியாத நிலையில், பகல் கடையில் மட்டும் சோதித்துவிட்டு ‘தேதி சரியாக வருகிறது’ என்று எழுதித் தரக் கூடாது.

லேப்டாப்பில் சரி, சர்வரில் தப்பு

பராமரிப்புக் குழுவில் ஒருவர் தன் லேப்டாப்பில் டிபீவர் என்ற டேட்டாபேஸ் பார்க்கும் மென்பொருளைத் திறந்து அதே கொயரியை ஓட்டிப் பார்த்தார். அந்த பில் ஏப்ரல் 1 என்று ஒழுங்காக வந்தது. ஒரு எழுத்துகூட மாறாத கொயரி, அதே டேட்டாபேஸ், அதே வரிசை. சர்வரில் இரவு ஓடும் ரிப்போர்ட் வேலை மட்டும் மார்ச் 31 என்றது. இந்த இடத்தில்தான் அதிக நேரம் வீணானது. கேஷ் (தற்காலிக நகல்), ரெப்ளிகா (டேட்டாபேஸின் பிரதி), பழைய பில்டு (மென்பொருளின் பழைய பதிப்பு) என்று மூவர் மூன்று பக்கம் தேடினார்கள்.

போஸ்ட்கிரெஸில் ‘டைம்ஸ்டாம்ப் வித் டைம்ஸோன்’ என்ற வகை எந்த டைம்ஸோனையும் சேமித்து வைப்பதில்லை. 2000 ஜனவரி 1 நள்ளிரவு யூடிசியிலிருந்து எத்தனை மைக்ரோசெகண்ட் என்ற ஓர் எண், 8 பைட், அவ்வளவுதான். நீங்கள் +05:30 என்று சேர்த்துக் கொடுத்தால் அதைக் கொண்டு யூடிசிக்கு மாற்றிக்கொண்டு, அந்த +05:30ஐத் தூக்கிப் போட்டுவிடும். திரும்பக் காட்டும்போதும், டேட் ஆக காஸ்ட் செய்யும்போதும், அந்த நேரத்தில் செஷனின் (டேட்டாபேஸோடு பேசும் இணைப்பின்) டைம்ஸோன் எதுவோ அதைப் பயன்படுத்தும். ஆக அந்த காஸ்டின் விடை தரவைப் பொறுத்தது மட்டுமில்லை, கேட்கும் ஆளையும் பொறுத்தது.

டிபீவர் ஜாவாவில் எழுதப்பட்டது. போஸ்ட்கிரெஸின் ஜாவா டிரைவர் கனெக்ஷன் எடுக்கும்போதே, அது ஓடும் மெஷினின் டைம்ஸோனை செஷனுக்குக் கொடுத்துவிடும். சென்னையில் இருக்கும் லேப்டாப் என்பதால் ஆசியா/கொல்கத்தா போனது. ரிப்போர்ட் வேலை ஓடியது ஒரு கன்டெய்னருக்குள், அதாவது சர்வரில் மென்பொருளைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டிக்குள். கன்டெய்னருக்கு யாரும் டைம்ஸோன் சொல்லவில்லை என்றால் யூடிசிதான். இரண்டு செஷனிலும் ‘ஷோ டைம்ஸோன்’ என்று ஒரு வரி கேட்டதும் விஷயம் புரிந்துவிட்டது. இதுபோன்ற புகாரில் முதலில் ஓட்ட வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

அப்படியானால் கன்டெய்னரின் டைம்ஸோனைக் கொல்கத்தா என்று மாற்றிவிட்டால் தீர்ந்ததா? அன்றைக்குத் தீரும். நாளைக்கு வேறொருவர் புதுக் கன்டெய்னர் கட்டுவார், அல்லது வேறு மொழியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுவார், மறுபடி இதே கதை. விடையைத் தீர்மானிக்கும் விஷயம் கொயரிக்கு வெளியே எங்கோ ஒரு செட்டிங்கில் இருப்பது எனக்குப் பிடிப்பதில்லை. எந்த ஊர்த் தேதி வேண்டும் என்பதைக் கொயரிக்குள்ளேயே எழுதிவிட வேண்டும்: பில் நேரத்தை ‘அட் டைம் ஸோன் ஆசியா/கொல்கத்தா’ என்று முதலில் இந்தியச் சுவர்க்கடிகார நேரமாக்கி, அதற்குப் பிறகு டேட் ஆக காஸ்ட் செய்வது. இப்படி எழுதினால் செஷன் நியூயார்க்கில் இருந்தாலும் விடை ஒன்றுதான்.

மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கும் இதே பள்ளம் வேறு வடிவில் இருக்கிறது. அங்கே ‘டைம்ஸ்டாம்ப்’ வகை செஷன் டைம்ஸோனுக்கு ஏற்ப மாறிக் காட்டும். ‘டேட்டைம்’ வகை போட்டதைப் போட்டபடி திருப்பித் தரும். டைம்ஸோன் மாற்ற ‘கன்வர்ட் டிஸட்’ என்ற ஃபங்ஷன் உண்டு. ஆனால் டைம்ஸோன் டேபிள்களைச் சர்வரில் ஏற்றாமல் விட்டிருந்தால், ஊர்ப் பெயர் கொடுத்துக் கேட்டதற்கு எரர்கூடக் கொடுக்காமல் ‘நல்’ (வெற்று மதிப்பு) என்று திருப்பித் தந்துவிடும். அந்த நல் குரூப் பைக்குள் போய் ஒரு பெயரில்லாத நாளாக உட்கார்ந்துகொள்ளும்.

பாதி சரியான திருத்தம்

உண்மையில் இது எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு திருத்தம் போடப்பட்டிருந்தது. பில் டேபிள், வரவு டேபிள் இரண்டின் கொயரியிலும் மேலே சொன்ன ‘அட் டைம் ஸோன்’ சேர்க்கப்பட்டது. பில்கள் சரியாகிவிட்டன. வரவுகள் முன்பைவிட மோசமாகிவிட்டன. முன்பு 5:30 மணிக்கு முந்திய வரவுகள் மட்டும்தான் தேதி தப்பின. திருத்தத்துக்குப் பிறகு காலை 11 மணி வரை வந்த வரவு எல்லாமே முந்தைய நாளுக்குப் போய்விட்டது. மண்டியில் 11 மணிக்குமேல் காசு வருவது குறைவு. கிட்டத்தட்ட முழு நாளின் வரவும் இடம் மாறிவிட்டது.

வரவு டேபிளை வேறொரு காலத்தில் வேறொருவர் வடிவமைத்திருந்தார். அதில் நேர நெடுவரிசை ‘டைம்ஸ்டாம்ப் வித்தவுட் டைம்ஸோன்’. உள்ளே இருப்பது யூடிசி நேரம், ஆனால் அது யூடிசி என்று டேட்டாபேஸுக்குத் தெரியாது. போஸ்ட்கிரெஸில் ‘அட் டைம் ஸோன்’ இரண்டு வகைக்கும் எதிரெதிராக வேலை செய்யும். டைம்ஸோன் உள்ள வகைக்குக் கொடுத்தால், ‘இந்தக் கணத்தில் அந்த ஊர்க் கடிகாரம் என்ன காட்டும்’ என்று சொல்லும். இல்லாத வகைக்குக் கொடுத்தால், ‘இது அந்த ஊர்க் கடிகாரம் காட்டிய நேரம்’ என்று எடுத்துக்கொண்டு அதைக் கணமாக மாற்றும்.

ஏப்ரல் 1 காலை 10 மணிக்கு ஒரு சில்லறை வியாபாரி பாக்கியைக் கட்டினார் என்று வையுங்கள். டேபிளில் இருப்பது ஏப்ரல் 1, 04:30. கொயரி அதை இந்திய நேரம் 04:30 என்று நம்பி யூடிசிக்கு மாற்றுகிறது: மார்ச் 31, 23:00. யூடிசி செஷனில் அதை டேட் ஆக்கினால் மார்ச் 31. கூட்ட வேண்டிய ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துவிட்டது. ஆகமொத்தம் 11 மணி நேரம் பிசகு. சரியான வழி இரண்டு படி: முதலில் ‘அட் டைம் ஸோன் யூடிசி’ என்று சொல்லி அது எந்த ஊர் நேரம் என்று அடையாளம் காட்ட வேண்டும், பிறகு ‘அட் டைம் ஸோன் ஆசியா/கொல்கத்தா’ என்று மாற்ற வேண்டும். தற்காலிகமாக அப்படித்தான் செய்தோம். கடையில் கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் அந்த நெடுவரிசையையே டைம்ஸோன் உள்ள வகைக்கு மாற்றிவிட்டோம். மாற்றும் கட்டளையிலும் ‘யூஸிங்’ பகுதியில் யூடிசி என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கட்டளையை ஓட்டும் செஷனின் டைம்ஸோனைப் பிடித்துக்கொண்டு மொத்த டேபிளையும் நகர்த்திவிடும்.

ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் போதாதா?

போதும், இந்தியாவுக்குள் சமீபத்திய தரவுக்கு மட்டும் என்றால். நமக்கு டேலைட் சேவிங் (கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளுவது) கிடையாது, நாடு முழுக்க ஒரே நேரம். அதனால் ‘இன்டர்வெல் 5:30’ கூட்டும் கொயரிகளை எங்கும் பார்க்கலாம். வேலையும் செய்கின்றன.

ஆனால் கடலைத் தாண்டினால் கதை மாறுகிறது. இலங்கை 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டின்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி +6:30க்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் +6:00 ஆக்கியது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி +5:30க்கு வந்தது. 2005இல் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பதிவான ஒரு பழைய டைம்ஸ்டாம்பை இன்று எடுத்து ஐந்தரை மணி நேரம் கூட்டினால், நள்ளிரவு தாண்டி முதல் அரை மணிக்குள் நடந்தது எல்லாம் முந்தைய தேதிக்குப் போகும். ‘ஆசியா/கொழும்பு’ என்று பெயர் சொல்லிக் கேட்டால் டைம்ஸோன் பட்டியலில் இந்த வரலாறு முழுக்க இருக்கிறது, அந்தந்தத் தேதிக்கு உரிய வித்தியாசத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1 அன்று +7:30இலிருந்து +8:00க்கு மாறிய ஊர்தான். பிறந்த நாள், பழைய மருத்துவப் பதிவு, நிலப் பத்திரம் என்று பழைய தரவைத் தொடுபவர்கள் எண்ணைக் கூட்டாமல் ஊர்ப் பெயரை எழுதுவது நல்லது.

பெயரை எழுதும்போதும் முழுப் பெயரை எழுதுங்கள். ‘ஐஎஸ்டி’ என்று சுருக்கி எழுதினால் போஸ்ட்கிரெஸின் இயல்பு அமைப்பில் அது இஸ்ரேல் நேரம், அதாவது +2. இந்திய நேரமாக எடுத்துக்கொள்ள வைக்கத் தனியாக ஒரு சுருக்கப் பட்டியல் உண்டு, ஆனால் அதைத் தேடிப் போய் இயக்குபவர்கள் குறைவு. ‘யூடிசி+5:30’ என்று எழுதினால் இன்னும் வேடிக்கை. அதை போசிக்ஸ் (யூனிக்ஸ் தர) முறையில் படித்து, கூட்டல் குறி என்றால் கிரீன்விச்சுக்கு மேற்கே என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். எரர் எதுவும் வராது. இதை எப்படிக் கண்டுபிடிப்பார் ஒருவர்? தப்பான விடையைப் பார்த்துத்தான்.

ஒரு நாளின் பில்களைக் கேட்பது

தேதி சரியானதும் அடுத்த புகார்: ஒரு நாள் ரிப்போர்ட் எடுக்க ரொம்ப நேரமாகிறது. பில் நேரத்தின்மேல் இன்டெக்ஸ் (வேகமாகத் தேடுவதற்கான பட்டியல்) இருந்தது. ஆனால் கொயரியின் ‘வேர்’ (நிபந்தனை) பகுதியில் நெடுவரிசையைச் சுற்றி டைம்ஸோன் மாற்றம், காஸ்ட் என்று இரண்டு உறை போட்டு, ‘அது ஏப்ரல் 1க்குச் சமமா’ என்று கேட்டிருந்தார்கள். இன்டெக்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருப்பது உறை போடாத மதிப்பை. அதனால் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பில்லையும் எடுத்து, மாற்றி, ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. கொயரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டால் ‘சீக் ஸ்கேன்’ (முழு டேபிளையும் வரிசையாகப் படிப்பது) என்று பச்சையாகவே சொன்னது.

நெடுவரிசையைத் தொடாமல் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். இந்திய நேரப்படி ஏப்ரல் 1 எந்தக் கணத்தில் தொடங்குகிறது? மார்ச் 31, 18:30 யூடிசி. ஏப்ரல் 2? ஏப்ரல் 1, 18:30 யூடிசி. பில் நேரம் முதல் கணத்துக்குச் சமம் அல்லது அதற்குப் பின், இரண்டாவது கணத்துக்கு முன். அவ்வளவுதான். இந்த இரண்டு எல்லைகளையும் கையால் கணக்கிட்டு எழுத வேண்டாம். ‘2024-04-01 00:00’ என்ற டைம்ஸோன் இல்லாத நேரத்துக்கு ‘அட் டைம் ஸோன் ஆசியா/கொல்கத்தா’ கொடுத்தால் அதுவே மாற்றித் தரும். எதிரெதிராக வேலை செய்யும் அந்தக் குணம் இந்த இடத்தில் நமக்கு உதவுகிறது.

மேல் எல்லையில் ‘சமம்’ கிடையாது என்பதைக் கவனியுங்கள். பழைய கொயரிகளில் பிட்வீன் (இரண்டு எல்லைகளும் உட்பட, இடையில் உள்ளவை) போட்டு, ‘00:00:00 முதல் 23:59:59 வரை’ என்று எழுதியிருந்தார்கள். போஸ்ட்கிரெஸ் மைக்ரோசெகண்ட் வரை வைத்துக்கொள்ளும். 23:59:59.4இல் விழுந்த பில் இதில் எந்த நாளிலும் வராது. துணிக்கடைக்கு இது பொருட்டே இல்லை, நள்ளிரவில் அங்கே யார் பில் போடப் போகிறார்கள். மண்டியில் அந்த நொடியில் தராசின்மேல் மூட்டை இருக்கிறது. சரி, .999 என்று நீட்டிவிடலாமே என்றால், எஸ்கியூஎல் சர்வரின் பழைய ‘டேட்டைம்’ வகை ஒரு நொடியை 300 பங்காகத்தான் பிரிக்கும். 23:59:59.999 என்று கொடுத்தால் அது அடுத்த நாள் 00:00:00க்கு உருண்டுவிடும். அடுத்த நாளின் முதல் பில்லும் சேர்ந்து வரும்.

இதைவிடப் பெரிய ஓட்டை, மாத ரிப்போர்ட்டில் ‘ஏப்ரல் 1க்கும் ஏப்ரல் 30க்கும் பிட்வீன்’ என்று வெறும் தேதிகளை எழுதுவது. நேரம் இல்லாத தேதி என்றால் நள்ளிரவு. அதனால் 30ஆம் தேதி பிறந்த கணத்தோடு ரிப்போர்ட் முடிந்துவிடும், அந்த நாளின் முழு வியாபாரமும் காணாமல் போகும். ஆரக்கிளில் ‘டேட்’ வகையே நேரத்தையும் சேர்த்துத்தான் வைத்திருக்கும் என்பதால் அங்கேயும் இது அடிக்கடி நடக்கும்.

சிலர் தேதியை நேராகவே இன்டெக்ஸ் செய்துவிடப் பார்ப்பார்கள். டைம்ஸோன் உள்ள நெடுவரிசையை டேட் ஆக காஸ்ட் செய்து இன்டெக்ஸ் கட்டப் போனால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும், ஃபங்ஷன் ‘இம்யூட்டபிள்’ (எப்போதும் ஒரே விடை தருவது) ஆக இருக்க வேண்டும் என்று எரர் வரும். செஷனுக்குச் செஷன் மாறும் விடையை இன்டெக்ஸில் எப்படி வைப்பது, மறுப்பது சரிதான். ஊர்ப் பெயர் சொல்லி மாற்றிய பிறகு காஸ்ட் செய்தால் ஏற்றுக்கொள்ளும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை, இரண்டு எல்லைகளே போதுமாக இருந்தன.

எழுத்தாக மாறிய தேதி

கணக்குப்பிள்ளைக்கு ரிப்போர்ட் எக்செல் கோப்பாகப் போகிறது. பழைய கொயரி ‘டு சார்’ ஃபங்ஷனால் நாள்-மாதம்-ஆண்டு என்று வடிவமைத்துத் தந்தது. பார்க்க அழகு. ஆனால் அந்த நொடியிலிருந்து அது தேதி இல்லை, வெறும் எழுத்து. ஆர்டர் பை போட்டால் 01-05-2024 வந்து 02-04-2024க்கு முன்னால் நிற்கும், மே மாதம் ஏப்ரலை முந்திக்கொள்ளும். எக்செல்லோ அதற்கு மேல். அவருடைய கம்ப்யூட்டர் அமெரிக்க வடிவ அமைப்பில் இருந்தது. 01-04-2024ஐ ஜனவரி 4 என்று எடுத்துக்கொண்டது. 13-04-2024 வந்தபோது 13ஆவது மாதம் இல்லை என்பதால் அதை எழுத்தாகவே விட்டுவிட்டது. ஒரே நெடுவரிசையில் 12ஆம் தேதி வரை வலது ஓரம், 13இலிருந்து இடது ஓரம். எக்செல்லில் தேதிகள் இப்படி இரண்டு ஓரமாகப் பிரிந்து நின்றால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அதே ரிப்போர்ட்டில் நேர நெடுவரிசையையும் பார்த்தோம். 00:04, 01:04, 02:04, 02:04, 03:04. எல்லா பில்லும் நாலாவது நிமிடத்தில். மார்ச் ரிப்போர்ட்டை எடுத்தால் எல்லாம் மூன்றாவது நிமிடத்தில். வடிவத்தில் நிமிடத்துக்கு ‘எம்ஐ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘எம்எம்’ என்று எழுதியிருந்தார்கள், அது மாதம். போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் இரண்டிலும் இப்படித்தான். மைஎஸ்கியூஎல்லில் நிமிடத்துக்குச் சின்ன ‘ஐ’. இத்தனை மாதமாக ஒருவர் கண்ணிலும் படவில்லை, நேர நெடுவரிசையை யாரும் பார்ப்பதே இல்லை போல.

இன்னொரு பொறி ஆண்டில் இருக்கிறது. நாலு ‘ஒய்’ போட்டால் காலண்டர் ஆண்டு. முதல் எழுத்தை ‘ஐ’ ஆக்கினால் ஐஎஸ்ஓ வார ஆண்டு, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேர்கிறதோ அது. ஆண்டு முழுக்க இரண்டும் ஒன்றாகவே தெரியும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதலிலும் மட்டும் பிரியும்: 2024 டிசம்பர் 30, ஐஎஸ்ஓ கணக்கில் 2025இன் முதல் வாரம். 2014 டிசம்பர் 29 அன்று ட்விட்டரின் சர்வர்கள் தேதியை 2015 என்று அனுப்பி, ஆண்ட்ராய்டில் பலர் உள்ளே நுழைய முடியாமல் வெளியேற்றப்பட்டது இந்த வகைக் குழப்பத்தால்தான்.

நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் இது. கொயரிக்குள் தேதி கடைசி வரை தேதியாகவே இருக்கட்டும். குரூப் பை, ஆர்டர் பை, ஜாயின் எல்லாம் டேட் வகையில் நடக்கட்டும். மாதவாரியாகச் சேர்க்க ‘டேட் ட்ரங்க்’ ஃபங்ஷன் போதும், போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பிலிருந்து அதற்கு மூன்றாவதாக ஊர்ப் பெயரும் கொடுக்கலாம். கோப்பாக வெளியே போகும்போது 2024-04-01 என்ற ஆண்டு-மாதம்-நாள் வரிசை. எழுத்தாக மாறினாலும் அதுதான் வரிசை கலையாது, அமெரிக்க அமைப்பும் குழம்பாது. மனிதக் கண்ணுக்கு ‘01 ஏப்ரல்’ என்று காட்டுவது திரையின் வேலை, டேட்டாபேஸின் வேலை இல்லை. ஆசைப்பட்டால் ‘டு சார்’ வடிவத்தில் மாதப் பெயருக்கு முன்னால் ‘டிஎம்’ சேர்த்து, நேர மொழி அமைப்பைத் தமிழாக்கினால் மாதப் பெயர் தமிழிலேயே வரும். ரசீதில் போட நன்றாக இருக்கும், கணக்குக்கு வேண்டாம்.

மண்டியின் நாள்

இவ்வளவும் செய்து, இந்திய நேரப்படி தேதி பிரித்து ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கணக்குப்பிள்ளை இன்னும் திருப்திப்படவில்லை. பேரேடு சரி, ஆனால் கல்லா ஒத்துவரவில்லை.

“ராத்திரி பத்து மணிக்கு இறங்கின லோடு, பதினொண்ணு மணிக்கே ரெண்டு மூட்டை போகும். மீதி விடியக்காலம் போகும். எனக்கு அது ஒரே நாள் வியாபாரம். நீங்க பன்னெண்டு மணிக்கு நடுவுல கோடு போடுறீங்க.”

“அப்ப உங்க நாள் எப்ப ஆரம்பிக்குதுங்க ஐயா?”

“சாயங்காலம் கணக்கை மூடினதும் அடுத்த நாள்தான்.”

அவர் மேல் தப்பில்லை. நள்ளிரவில் நாள் மாறுவது அரசாங்கக் கணக்கு. பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்தில் மாறுகிறது. மண்டியில் மாலை 6 மணிக்கு மாறுகிறது. எந்த டைம்ஸோன் பட்டியலிலும் மண்டிக்கென்று ஒரு பெயர் கிடையாது. டைம்ஸ்டாம்பில் இருப்பது ஒரு கணம் மட்டும். அது எந்த நாள் என்பதை வியாபாரம்தான் சொல்ல வேண்டும், கேட்காமல் எழுதிய கொயரி எதுவும் சரியாக இருக்க வழியில்லை.

ஆகவே இரண்டு தேதிகள். ஒன்று பில் தேதி: இந்திய நேரப்படி நள்ளிரவுக்கு நள்ளிரவு, சட்டத்துக்கும் நிதியாண்டுக்கும் அதுதான். இன்னொன்று சந்தை நாள்: மாலை 6க்கு மேல் போட்ட பில் அடுத்த நாளைச் சேரும். கணக்குப் பார்த்தால் எளிது. இந்திய நேரத்தோடு 6 மணி நேரம் கூட்டி டேட் ஆக்கினால் போதும். கொயரியிலேயே அப்படி எழுதிவிடலாம் என்று குழுவில் ஒரு பேச்சு வந்தது.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு முந்திய நாட்களில் சந்தை இரவு பகலாக ஓடும், அப்போது கணக்கை மூடும் நேரம் தள்ளிப்போகும். நாளைக்கே முதலாளி 7 மணிக்கு மூடலாம் என்று சொல்லக்கூடும். கொயரியில் இருக்கும் 6ஐ 7 ஆக்கினால், ஏற்கெனவே மூடிக் கையெழுத்துப் போட்ட பழைய நாட்களின் கூட்டலும் சேர்ந்து மாறிவிடும். அதனால் சந்தை நாளைத் தனி நெடுவரிசையாக, டேட் வகையில், பில் போடும்போதே எழுதிவிடுகிறோம். அன்றைக்கு நடப்பில் இருக்கும் மூடும் நேரத்தை வைத்து அது முடிவாகும், அதற்குப் பிறகு அசையாது. பில் தேதியை அப்படிச் சேமிக்கவில்லை. அது எப்போது கணக்கிட்டாலும் ஒன்றுதான்.

மார்ச் 31 இரவு 10:30க்குப் போட்ட பில் என்ன ஆகும்? பில் தேதி மார்ச் 31, பழைய ஆண்டின் எண், பழைய பேரேடு. சந்தை நாள் ஏப்ரல் 1, அன்றைய கல்லாவோடு சேரும். வருஷத்துக்கு ஒரு ராத்திரி இப்படி இரண்டாகப் பிரியும் என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னோம். அவர் காகிதத்தில் எழுதிய காலத்திலேயே அந்த ராத்திரியை அப்படித்தான் பிரித்து எழுதினாராம்.

சோதனை

இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஒரு சின்ன டேபிள் சோதிக்கப்படுகிறது. எல்லாம் இந்திய நேரம். மார்ச் 31, 23:59:59.5: பில் தேதி மார்ச் 31, பிட்வீன் எழுதியவரை இது பிடித்துவிடும். ஏப்ரல் 1, 00:00:00 மிகச் சரியாக: ஏப்ரல் 1 மட்டும், இரண்டு நாளிலும் வரக் கூடாது. ஏப்ரல் 1, 2:40: யூடிசியில் வெட்டியவரைப் பிடிக்கும். ஏப்ரல் 1, காலை 10:00: இது பகல் நேரம்தானே என்று தோன்றும், ஆனால் ‘அட் டைம் ஸோன்’ திசை மாறியவரைப் பிடிப்பது இதுதான். ஏப்ரல் 1, 18:00:00: பில் தேதி ஏப்ரல் 1, சந்தை நாள் ஏப்ரல் 2. இவற்றோடு ஏப்ரல் 13ஆம் தேதி பில் ஒன்று, நிமிடம் 04 இல்லாமல்.

இதை செஷன் டைம்ஸோன் யூடிசி, ஆசியா/கொல்கத்தா, அமெரிக்கா/நியூயார்க் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். மூன்றிலும் ஒரே விடை வரவில்லை என்றால், எங்கோ ஒரு கொயரி இன்னும் செஷனைக் கேட்டுத் தேதி சொல்லிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சமீபத்தில் அப்படி ஒன்று மாட்டியது: லாரி வாடகை ரிப்போர்ட்டில் ‘கரன்ட் டேட்’. அதிகாலையில் லாரிக்காரருக்குக் கொடுக்கும் வவுச்சரில் நேற்றைய தேதி அச்சாகிக்கொண்டிருந்தது. அதையும் இந்திய நேரத்துக்கு மாற்றியாயிற்று.